யாழ்ப்பாணம் பற்றி ஒரு பக்கக் குறிப்பு: டெல்லியில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

டெல்லியில் ஒரு தேசியக் கட்சியின் தலைவருக்கு அண்டை நாட்டு அரசியல் பற்றித் தொடர்ந்து குறிப்பு எழுதிக் கொடுக்கும் சிறு குழு ஒன்று இருக்கிறது. லோதி காலனி பக்கம் ஒரு வாடகை வீட்டின் இரண்டு அறைகள்தான் அலுவலகம். பத்திரிகைகள், தேர்தல் ஆணைக்குழுவின் அறிவிப்புகள், நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட், தொலைபேசியில் மனம் விட்டுப் பேசத் தயாராக இருக்கும் சில ஆட்கள் என எல்லாமே வெளிப்படையாகக் கிடைக்கும் விஷயங்கள். பிரதமருக்கு அறிக்கை போவதற்கு 1968ல் தொடங்கிய வெளிநாட்டு உளவு அமைப்பான ரா, அதற்கும் பழைய உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி., தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகம் என்று பெரிய ஏற்பாடு உண்டு. இந்தக் குழு அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: எழுதுகிறவரிடமிருந்து படிக்கிறவரிடம் போய்ச் சேர்வதற்குள் குறிப்பு எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் என்ன உதிர்ந்துபோகிறது என்பது.

குழுவில் இலங்கைப் பொறுப்பில் இருந்தது மூன்று பேர், மூவரும் தமிழர்கள். பொறுப்பாளர் அறுபதைத் தாண்டியவர். கொழும்பில் பல வருடம் நிருபராக இருந்தவர். இங்கே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். ஆய்வாளர், ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து டெல்லிக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட இளம்பெண். சிங்களப் பத்திரிகையை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார். மூன்றாமவர் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். குறிப்புகளுக்கு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் கடைசி வடிவம் கொடுப்பதும் ஃபைல்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

நான் இந்தக் குழுவில் இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஃபைலைப் படித்து, மூவரிடமும் தனித்தனியாகப் பேசி இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தலைவர் ஆளும் தரப்பா எதிர்த்தரப்பா என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

செப்டம்பர் 2024: முதல் குறிப்பு

2024 செப்டம்பர் 21 அன்று இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. 2019ல் 3 சதவீத வாக்கு வாங்கிய அநுர குமார திசாநாயக்க, இந்த முறை முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம் எடுத்தார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக, வாக்காளர்கள் அடுத்த தேர்வாகக் குறித்த விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டிவந்தது. 23ஆம் தேதி அவர் பதவியேற்றார். அடுத்த நாளே நாடாளுமன்றத்தைக் கலைத்து, நவம்பர் 14ல் பொதுத்தேர்தல் என்று அறிவித்தார்.

டெல்லிக்கு இது முழு ஆச்சரியம் இல்லை. அந்த வருடம் பிப்ரவரியிலேயே இந்திய அரசு அவரை அழைத்திருந்தது; வெளியுறவு அமைச்சரையும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரையும் அவர் சந்தித்துப் போயிருந்தார். தலைவரின் அலுவலகம் குழுவிடம் கேட்டது வேறு கேள்வி: பொதுத்தேர்தலில் வடக்கு எப்படிப் போகும்? நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரில் மீனவர் பிரச்சினை எப்படியும் வரும். தமிழ்நாட்டுக் கட்சிக்காரர்கள் வந்து நிற்பார்கள். அப்போது இலங்கைத் தமிழர்களின் பிரதிநிதிகள் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெரியவர் எழுதிய குறிப்பின் சாரம் இது: வடக்கு தமிழ்க் கட்சிகளிடமே இருக்கும், ஆனால் சிதறியிருக்கும். அவர் சொன்ன காரணங்களை லேசாகத் தள்ள முடியாது. புதிய ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி, அடிப்படையில் ஜே.வி.பி. என்கிற ஜனதா விமுக்தி பெரமுன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதமேந்தி எதிர்த்த கட்சி. வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் போய், 2006ல் தீர்ப்பு வாங்கியதும் அதே கட்சிக்காரர்கள்தான். சரி, அது பழைய கதை என்று யாராவது சொன்னால், செப்டம்பர் கணக்கு கையில் இருந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அநுரவுக்குக் கிடைத்தது சுமார் 27 ஆயிரம் வாக்கு, 7 சதவீதம். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு அங்கே 31 சதவீதம்.

குறிப்பு போய்ச் சேர்ந்தது. எதிர்க் கேள்வி எதுவும் வரவில்லை.

அக்டோபர்: பென்சிலில் போட்ட கணக்கு

வேட்புமனு அக்டோபர் 11ல் முடிந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தது. யாழ்ப்பாணத்தில், அதாவது கிளிநொச்சியும் சேர்ந்த அந்தத் தேர்தல் மாவட்டத்தில், இடங்கள் 6. போட்டியிட்டவை கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். இலங்கைத் தமிழர்களின் பழைய பெரிய கட்சியான தமிழரசுக் கட்சிக்குள் தலைமைச் சண்டை அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே நீதிமன்றத்தில் இருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் கட்சி எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. அதே கட்சியின் ஒரு பெரிய பிரிவு பொது வேட்பாளருக்கு வேலை செய்தது. பழைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் இருந்த மற்றவர்கள் வேறு பெயரில் தனியாக நின்றார்கள். சாவகச்சேரி ஆஸ்பத்திரி விவகாரத்தில் ஜூலையில் திடீரென்று பிரபலமான டாக்டர் அர்ச்சுனா தனியாக ஒரு குழுவை நிறுத்தியிருந்தார்.

ஆய்வாளர் ஒரு ஏ4 தாளில் பென்சிலால் போட்ட கணக்கு இன்னும் ஃபைலில் இருக்கிறது. விளக்கிச் சொல்லத் தகுந்த கணக்கு. இலங்கையில் மாவட்டத்துக்குள் 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கிய பட்டியல்களை முதலில் கழித்துவிடுவார்கள். முதலிடம் வந்த பட்டியலுக்கு போனஸாக ஓர் இடம். மீதி இடங்களை வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். முழுதாக வகுபடாத இடங்கள், மிச்சமிருக்கும் வாக்கு யாருக்கு அதிகமோ அவர்களுக்குப் போகும். அவர் எடுத்துக்கொண்ட உத்தேச எண்கள்: தேசிய மக்கள் சக்தி 24, தமிழரசு 20, அதற்கடுத்த மூன்று பட்டியல்கள் 9, 8, 7, மீதியெல்லாம் 5க்குக் கீழே. இதை வகுத்தால் கால்வாசி வாக்கு வாங்கிய கட்சிக்கு 6ல் 3 கிடைக்கிறது. 20 வாங்கிய தமிழரசுக்கு 1தான், 9ம் 8ம் வாங்கியவர்களுக்கும் ஆளுக்கு 1. அதே தாளில் கீழே இன்னொரு கணக்கு: தேசிய மக்கள் சக்திக்கு 15 என்று வைத்தால் தமிழரசு முதலிடம் வந்து 3 எடுக்கிறது, இவர்களுக்கு 1தான். முதலிடம் யாருக்கு என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது.

"எல்லாம் சரிம்மா, 7 எப்படி 24 ஆகும்?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

அதற்கு ஆய்வாளர் காட்டியது 2020 முடிவை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கும் ஈ.பி.டி.பி.க்கும் சேர்த்து விழுந்தது சுமார் 95 ஆயிரம் வாக்கு. செல்லுபடியான வாக்கில் கால்வாசிக்கும் மேல். இரண்டும் கொழும்பில் யார் ஆட்சியோ அவர்களோடு ஒட்டி நிற்கும் கட்சிகள். "சார், அரசாங்கத்தோட இருக்கறவங்களுக்குப் போடற கால்வாசி ஓட்டு அங்க எப்பவும் இருக்கு. செப்டம்பர்ல அது அப்ப ஜனாதிபதியா இருந்த ரணிலுக்கும் சஜித்துக்கும் போச்சு. இப்ப அரசாங்கமே மாறிப்போச்சே" என்றாராம். போதாததற்கு, யாழ்ப்பாணத்து நாளிதழ்களில் கட்சி அறிக்கைகள்தான் பக்கம் பக்கமாக வருகின்றன, ஊரில் பேசிக்கொள்வது வருவதில்லை என்பது அவர் குறை. பருத்தித்துறையிலும் கொடிகாமத்திலும் இருக்கிற சொந்தக்காரர்களோடு வாட்ஸ்அப்பில் பேசினால் கிடைப்பது வேறு மாதிரி இருக்கிறது என்றார்.

பெரியவருக்கு இந்தச் சொந்தக்காரர் விஷயம் பிடிக்கவில்லை. நாலு பேர் சொன்னதை ஊர் சொன்னதாக எழுதக் கூடாது என்றார், அது நியாயம்தான். ஆனால் அவருடைய ஆட்களும் நாலைந்து பேர்தான், அவர்களில் பலர் கட்சிக்காரர்கள். மூவரிடமும் பேசியபோது எனக்குப் பட்டது இது: தமிழ் தெரிந்ததால் இவர்களுக்கு யாழ்ப்பாணம் சுலபமாகக் கேட்டது. சுலபமாகக் கேட்ட குரல்களோ மைக் பிடித்துப் பழகியவர்களின் குரல்கள். நேபாளத்தைப் பார்க்கும் பக்கத்து அறைக்காரர், தனக்கு மொழி தெரியாது என்ற பயத்தினாலேயே எல்லாவற்றையும் மூன்று இடத்தில் சரிபார்ப்பார். இலங்கை அறையில் அந்தப் பயம் இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

பெரியவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஆய்வாளரின் கருத்தை அமுக்கவும் இல்லை. இரண்டையும் கலந்து 'தேசிய மக்கள் சக்தி ஓரளவு முன்னேறலாம்' என்று நடுவில் ஒரு வரி போடுவது டெல்லி அலுவலகங்களில் சகஜம். அப்படி எழுதினால் எது நடந்தாலும் எழுதியவர் தப்பித்துக்கொள்வார், படிப்பவருக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. அதனால் முதல் பக்கத்தில் தன் மதிப்பீடு, இரண்டாம் பக்கத்தில் 'மாற்று மதிப்பீடு' என்ற தலைப்பில் ஆய்வாளருடையது, கணக்கோடு, என்று முடிவு செய்தார்.

இதற்கு அவர் சொன்ன காரணம் அந்தத் தலைமுறை டெல்லித் தமிழர்களுக்குப் பழக்கமானது. கார்கில் போருக்குப் பிறகு 1999ல் அமைத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் திருச்சிக்காரரான கே. சுப்பிரமணியம். தகவல்கள் ஆங்காங்கே இருந்தும் அவற்றை ஒன்றாக வைத்து மதிப்பிடும் ஏற்பாடு பலவீனமாக இருந்ததை அந்தக் குழு சுட்டிக்காட்டியது. "முரண்படற தகவல மேல இருக்கறவர் பார்க்கணும், கீழேயே நாம தீர்ப்பு சொல்லக் கூடாது" என்பது பெரியவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

நல்ல முடிவு. ஆனால் அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

இரண்டாம் பக்கம் எங்கே போனது

தலைவரின் தனிச் செயலாளர் ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் உள்ளே அனுப்புவதில்லை. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அப்போது மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தல் நேரம். தலைவர் பிரச்சாரத்தில் இருந்தார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் காரில்தான் குறிப்புகளைப் படிப்பார். அமெரிக்காவின் சி.ஐ.ஏ. உளவு அமைப்புக்கும் இதே நிலைமைதான் இருந்தது: 1961ல் கென்னடி வந்த குறிப்புகளைச் சரியாகப் படிக்கவில்லை என்பதால் சட்டைப்பையில் வைக்கிற அளவுக்குச் சுருக்கி ஒரு தினசரிக் குறிப்பைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றும் அமெரிக்க ஜனாதிபதிக்குப் போகும் தினசரி அறிக்கை. தலைவருக்கு நேரமில்லை என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை, அது இந்த வேலையோடு பிறந்தது.

ஆக, செயலாளர் முதல் பக்கத்தை மட்டும் உள்ளே அனுப்பினார். 'மாற்று மதிப்பீடு' அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. குழுவுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அனுப்பியது எந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்தது என்று கேட்கும் வழக்கமே அங்கே இருக்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் மாலை தலைவர் அலுவலகத்திலிருந்து போன். முடிவு வந்ததும் வெளியிட ஓர் அறிக்கையின் டிராஃப்ட் தயாராக இருக்கிறது, தேதிகளையும் பெயர்களையும் மட்டும் சரிபார்த்துத் தாருங்கள் என்றார்கள். அதில் ஒரு வரி: வடக்குத் தமிழ் மக்கள் மீண்டும் தங்கள் கட்சிகள் மீது நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

கரோல் பாக்காரர்தான் அதைப் பிடித்தார். அரசியலில் அவருக்குப் பெரிய கருத்து எதுவும் இல்லை. ஃபைலில் இருக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் இந்த வரிக்கும் ஒத்துவரவில்லை என்பதைத்தான் பார்த்தார். "சார், நம்ம நோட்டோட ரெண்டாவது பக்கத்த அவங்க பார்த்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். உடனே போன் போட்டு விசாரித்தார்கள், பார்க்கவில்லை. அன்று இரவே அந்த வரி இல்லாத இன்னொரு டிராஃப்ட் தயாரானது. வடக்கைப் பற்றி முடிவு எப்படி வந்தாலும் பொருந்துகிற மாதிரி எழுதப்பட்டது அது. இரண்டையும் அனுப்பி, யாழ்ப்பாண முடிவு வருகிறவரை எதையும் வெளியிட வேண்டாம் என்று பெரியவரே செயலாளரிடம் பேசினார். தன் மதிப்பீடு சரி என்று அப்போதும் அவர் நம்பிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 15

முடிவுகள் வந்த வெள்ளிக்கிழமை காலை டெல்லியில் வழக்கமான நவம்பர் புகை. தேசிய மக்கள் சக்திக்கு 225ல் 159 இடம். முந்தைய நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு இருந்தது 3. மொத்தம் 22 தேர்தல் மாவட்டங்களில் அது முதலிடம் வராதது மட்டக்களப்பில் மட்டும்.

யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கு, 24.85 சதவீதம், 3 இடம். தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்கு, 1 இடம். தமிழ்க் காங்கிரசுக்கும் அர்ச்சுனாவின் குழுவுக்கும் 28 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆளுக்கு 1. பென்சில் கணக்கு ஏறக்குறைய அப்படியே வந்தது. 24 என்று அவர் போட்டது ஓரளவு அதிர்ஷ்டம் என்று ஆய்வாளரே சொல்கிறார். இடங்கள் எப்படிப் பிரியும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை, அது சட்டத்தில் இருப்பது.

இரண்டாவது டிராஃப்ட் வெளியானது. சங்கடம் எதுவும் நேரவில்லை.

அதன் பிறகு நடந்தது

இங்கே நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் வந்ததுதான்.

நவம்பர் 25ல் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. அந்த நாட்களில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த மீனவப் பிரதிநிதிகள் தலைவரைச் சந்தித்தார்கள். ஹிந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லப் போனவர் கரோல் பாக்காரர். தலைவர் அவர்களிடம் உற்சாகமாகச் சொன்னார்: யாழ்ப்பாணத் தமிழர்களே இப்போது கொழும்பு அரசோடு வந்துவிட்டார்கள், இனிப் பேச்சுவார்த்தை சுலபம். வந்தவர்களில் வயதானவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, அங்க எந்தக் கட்சி ஜெயிச்சாலும் அந்தப் பக்கத்து மீனவங்களுக்கு நம்ம இழுவைமடி ஆகாதுங்க" என்றார். கடலடியை வாரிக்கொண்டு போகும் விசைப்படகு வலையைத்தான் இழுவைமடி என்கிறார்கள்.

அவர் சொன்னதுதான் நிலவரம். பாக் நீரிணைத் தகராறு பெரும்பாலும் தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கும் வடக்கின் சிறு படகு மீனவர்களுக்கும் இடையிலானது. இரண்டு பக்கமும் தமிழர்கள். இழுவைமடியை இலங்கை 2017லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. வடக்கில் எந்தக் கட்சி எம்.பி.யாக வந்தாலும் அந்தத் தடையை நீக்கச் சொல்லிப் பேச முடியாது. புதிய அரசில் மீன்பிடி அமைச்சராக வந்தவரும் தமிழர்தான், இந்த விஷயத்தில் அவர் தளர்ந்துகொடுக்கவில்லை.

தலைவருக்கு அப்படியொரு எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். முடிவு வந்த அன்று குழு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பிலேயே இருந்தது. 6ல் 3 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். 24.85 சதவீதம் என்பது அடைப்புக்குறிக்குள். நான்கில் மூன்று வாக்காளர் அந்தக் கட்சிக்குப் போடவில்லை என்ற வரி எங்கேயும் இல்லை. ஆய்வாளரின் கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சியில், அந்தக் கணக்கின் அடிப்படையே மறந்துபோனது: அரசோடு நிற்பவர்களுக்கான கால்வாசி வாக்கு முன்பும் இருந்தது, இப்போது ஒரே கட்சிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் ஆய்வாளருக்கும் என்னோடு முழு உடன்பாடு இல்லை. பழைய கால்வாசியும் இந்தக் கால்வாசியும் ஒரே ஆட்கள் அல்ல, இளைஞர்கள் புதிதாக வந்தார்கள் என்கிறார். இருக்கலாம்.

2025 மே 6ல் இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. தேசிய மக்கள் சக்தியின் நாடு தழுவிய வாக்கு 61 சதவீதத்திலிருந்து சுமார் 43க்கு இறங்கியது. வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னணிக்கு வந்தது. பெரியவர் செப்டம்பரில் எழுதிய குறிப்பை அன்று ஒருவர் எடுத்துப் படித்திருந்தால், இந்தத் தேர்தலுக்காகவே எழுதியது போல் இருந்திருக்கும்.

இப்போது மாறியிருப்பது

மாற்று மதிப்பீடு இனி முதல் பக்கத்திலேயே, பிரதான மதிப்பீட்டுக்கு நேர் கீழே வருகிறது. அதற்காகப் பின்னணி விவரங்களைக் குறைத்துக்கொண்டார்கள். பெரியவருக்கு அதில் வருத்தம், வரலாறு தெரியாமல் என்ன படிப்பது என்பார். தேர்தல் குறிப்புகளில் இடங்களின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுவதில்லை, வாக்குச் சதவீதத்தோடு ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். கடைசியில் 'இந்த முடிவை வைத்து எதையெல்லாம் சொல்ல முடியாது' என்று இரண்டு வரி. மீனவர் சந்திப்புக்கு முன் அந்த இரண்டு வரி இருந்திருந்தால் போதுமாயிருந்தது.

செயலாளரோடு வாரம் ஒரு தடவை போன் பேச்சு ஏற்பாடாகியிருக்கிறது. என்ன போனது, எது நின்றது என்று அவரே சொல்லிவிடுகிறார். கேட்டால் சொல்கிற மனிதர்தான், இதுவரை யாரும் கேட்டதில்லை. முக்கியமான குறிப்பென்றால், மாற்றுக் கருத்தை எழுதியவரையும் நேரில் அழைத்துப்போக வேண்டும் என்று நான் பரிந்துரைத்தேன். அது இன்னும் நடக்கவில்லை. தலைவரின் அறைக்குள் இளையவர்கள் போவது டெல்லியில் சுலபமான காரியம் இல்லை.

யாழ்ப்பாணத் தகவலுக்குக் கட்சிக்காரர் அல்லாத ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள், கூட்டுறவுச் சங்கக்காரர்கள், மீனவச் சங்கக்காரர்கள் என்று பட்டியல் மெதுவாக நீள்கிறது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு மாகாணத் தேர்தல் நடக்கவே இல்லை. அது நடந்தால் வடக்கு யாருக்கு என்ற கேள்விக்குக் குழுவிடம் இப்போதே ஒரு பக்கக் குறிப்பு தயார். மேல் பாதி பெரியவருடையது, கீழ்ப் பாதி ஆய்வாளருடையது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.